தோள் மாற்றும் வரை

பட்டியல் போடுவதில் நம்மவர்களுக்கு ஒரு கூச்சம் உண்டு. க.நா.சு. ஆயுள் முழுவதும் பட்டியல் போட்டார். நல்ல நாவல்கள் இவை, நல்ல சிறுகதைக்காரர்கள் இவர்கள் என்று. பெயர் விடுபட்டவர்கள் கோபித்துக் கொண்டார்கள். பெயர் இருந்தவர்கள், தங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பெயரைப் பார்த்துக் கோபித்துக் கொண்டார்கள். காரணம் சொல்லாத விமர்சனம் என்ன விமர்சனம் என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். இப்போது அந்தக் கேள்வி அவ்வளவு பலமுள்ளதாக எனக்குத் தெரியவில்லை. காரணங்களை எங்கிருந்தும் இரவல் வாங்கிவிடலாம். நான்கு மேல்நாட்டுப் பெயர் தெரிந்திருந்தால் போதும். 'எனக்கு இதுதான்' என்று ஒன்றைத் தொட்டுக் காட்டும்போது இரவல் அவ்வளவு உதவுவதில்லை.

க.நா.சு. பெயரைக் கேட்டேயிராத சிலர் திண்டுக்கல்லில் என் கண்முன் சில வருஷங்கள் ஒரு பட்டியல் போட்டுக் கொண்டிருந்தார்கள். எங்கும் எழுதி வைக்கப்படாத பட்டியல். அதில் ஒருவரை நான் அச்சில் அவமதித்தேன். அதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1979ல் உத்தியோக மாற்றலில் திண்டுக்கல் போய்ச் சேர்ந்தேன். அப்போது அது மதுரை ஜில்லா. தனி மாவட்டம் ஆனது 1985ல். மலைக்கோட்டைப் பாறை பகல் முழுவதும் வாங்கிய வெயிலை இரவு பத்து மணி வரை ஊருக்குத் திருப்பிக் கொடுத்துக் கொண்டிருக்கும். ஒரு பக்கம் காற்றடித்தால் தோல் ஷாப்பு வாடை, இன்னொரு பக்கம் அடித்தால் புகையிலை நெடி. தனி ஆளுக்குச் சாயங்காலம் போக இடம் கிடையாது. நாகல்நகரில் ஒரு மைக்செட் கடை இருந்தது. வாசலில் பெரிய பூவைக் கவிழ்த்தது போல நாலைந்து குழாய் ஒலிபெருக்கிகள், உள்ளே ஆம்ப்ளிஃபயர், ரிக்கார்டுகள் அடுக்கிய தகரப் பெட்டிகள், உட்கார இரண்டு பெஞ்சு. முகூர்த்தமில்லாத நாட்களில் ஏழு மணிக்கு மேல் அங்கே நாலைந்து பேர் கூடுவார்கள். கடைக்காரர், ஒரு பூட்டுப் பட்டறைக்காரர், ஒரு பஸ் கண்டக்டர், புகையிலைக் கிட்டங்கியில் எடை போடும் ஒரு பெரியவர். இவர்கள் நிரந்தரம். மற்றவர்கள் வந்து போவார்கள்.

அவர்கள் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் காருகுறிச்சி அருணாசலத்தில் போய் முடியும். புதிதாக யார் வந்தாலும் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்பார். "காருகுறிச்சி வாசிச்சதுல ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணுதான்." இரண்டு சொன்னால் ஏற்க மாட்டார். நன்றாகச் சங்கீதம் கேட்டவன் என்ற நினைப்பில் நான் மூன்று ராகங்களைப் பெயர் சொன்னேன். "அப்ப சார் இன்னும் எதையும் கேக்கலை" என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போய்விட்டார்.

காருகுறிச்சி 1921ல் பிறந்து 1964ல் இறந்தவர். தாமிரவருணிக் கரையிலிருந்து வந்து, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குச் சிஷ்யராகி, அவரோடு சேர்ந்து வாசித்து, பிறகு தென்ஜில்லாக்களின் சொந்தச் சொத்தானவர். 1979ல் அவர் போய்ப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. பெஞ்சில் இருந்தவர்களில் அவரை நேரில் கேட்டவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்களுக்கு ரிக்கார்டும் ரேடியோவும். எனவே பெரும்பான்மை ஓட்டு எதற்கு விழும் என்று ஊகிப்பது சிரமமில்லை. 'சிங்காரவேலனே தேவா'. 1962ல் வந்த 'கொஞ்சும் சலங்கை'. எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசை, ஆபேரி ராகம், எஸ். ஜானகியின் குரல், திரையில் சாவித்திரியும் ஜெமினி கணேசனும்.

இந்தத் தேர்வை அப்போது நான் மட்டமாக நினைத்தேன். சினிமாப் பாட்டு. பல மணி நேரம் ஒரு ராகத்தை விஸ்தரிக்கக் கூடியவரைச் சில நிமிஷத்தில் அடைத்து வைத்த பாட்டு. ஆனால் கடைக்காரர் சொன்ன காரணம் நான் படித்த சங்கீத விமர்சனம் எதிலும் இல்லாதது. "பாட்டுக்கு வாத்தியம் வாசிக்கிறதுன்னா பின்னாடி வரணும். இதுல அந்தம்மா ஒண்ணு சொல்லுது, இவரு அதைத் திருப்பிச் சொல்றாரு. அப்புறம் இவரு ஒண்ணு சொல்றாரு, அந்தம்மா முழிக்குது, முழிச்சுட்டுப் பிடிச்சிருது. ரெண்டு பேருக்கும் ஒரே தொண்டைங்கிற மாதிரி ஆயிருது." குழாய் ஒலிபெருக்கியில் அடிச்சத்தம் எல்லாம் செத்துப் போய், வீணை வந்தால் கொசு மாதிரி இருக்கும், நாயனம் ஒன்றுதான் அதில் போட்டாலும் நாயனமாகவே வரும் என்பதும் அவர் கட்சி. வெட்டவெளிக்கென்றே செய்த வாத்தியம் வெட்டவெளிக்கென்றே செய்த கருவியைக் கண்டுகொண்டது. அவர் தொழில் பார்வை அது. நம் விமர்சகர்களுக்கு அந்த அளவுக்காவது ஒரு தொழில் பார்வை இருந்தால் தேவலை.

கண்டக்டருக்கு 'தில்லானா மோகனாம்பாள்'. 1968ல் வந்தது. அதில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள், காருகுறிச்சி அல்ல, அவர் இறந்து நாலு வருஷம் ஆகிவிட்டது என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டார். "சிவாஜி கன்னம் உப்புறதைப் பாத்தீங்களா?" என்பார். அவரை யாரும் திருத்த முயல்வதில்லை. ரசிகர் கூட்டத்தில் இப்படி ஒருவர் இல்லாவிட்டால் அது சங்கமாகிவிடும், தலைவர் தேர்தல் வந்துவிடும்.

பூட்டுக்காரர் சிஷ்யரை விட்டுவிட்டுக் குருவின் தோடியைச் சொன்னார். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ரிக்கார்டு. காருகுறிச்சி வாசித்ததில் ஒன்று கேட்டால் ராஜரத்தினம் வாசித்ததைச் சொல்வது விதிமீறல். அவர் வாதம்: "சாவி வேணும்னா பூட்டைப் பாக்கணும்." இதில் விஷயம் இருந்தது. ராஜரத்தினம் (1898-1956) செய்த காரியம் நாதஸ்வரத்தின் உடம்பையே மாற்றியது. பழைய திமிரி குட்டையானது, உச்சமான சுருதி. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியோடு சேர்ந்து அவர் உருவாக்கிய பாரி நாயனம் நீளமானது, சுருதி தணிந்தது. தணிந்த பிறகுதான் அதில் ஒரு ராகத்தை அவசரமில்லாமல் உலவவிட முடிந்தது. காருகுறிச்சியின் குழைவு என்று நாம் சொல்வது குருவின் ஆச்சா மரத்துக்குள் ஏற்கெனவே இருந்தது என்பது பூட்டுக்காரரின் கட்சி. நான் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். ராஜரத்தினம் ராகத்தை எதிரில் நின்று அழைக்கிறார், வராவிட்டால் அதட்டுகிறார். காருகுறிச்சி அதன் பக்கத்தில் நடந்து போகிறார். இரண்டும் ஒரே வாத்தியத்தில் சாத்தியமானாலும் ஒரே காரியமல்ல.

இனி எடைக்காரர். அவர் முறை வந்தபோது சொன்னார்: "கொஞ்சும் சலங்கை வர்றதுக்கு முந்தி. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு சாமி கும்பிடுல. சப்பரம் வடக்குத் தெருவில இருந்து திரும்புற முக்கு. அங்கன வாசிச்சது."

என்ன வாசித்தார் என்று கேட்டேன்.

"அதான் சொல்றேனே. முக்குல வாசிச்சது."

என்ன ராகம்?

"ராகம் அவருக்குத் தெரியும். எனக்கெதுக்கு சார்?"

முனகிக் காட்டினார். பல் இல்லை, சுருதி இல்லை, மூன்றாவது திருப்பத்தில் குரல் உடைந்து ஒரு ஸ்வரம் விழுந்துவிட்டது. கடைக்காரர் இதை ஒரு செல்லுபடியான ஓட்டாக எடுத்துக் கொண்டார். நான் எடுத்துக் கொள்ளவில்லை. ரிக்கார்டு இல்லை, பெயர் இல்லை, வேறு சாட்சி இல்லை. மற்றவர்களின் தேர்வோடு இதை எப்படி ஒப்பிடுவது? கேட்டவர் ஒருவர்தான் என்றால், நன்றாக இருந்ததா என்பதற்கு அவரே வாதி, அவரே சாட்சி, அவரே ஜட்ஜு.

அந்த வருஷக் கடைசியில் ஒரு சிறுபத்திரிகையில் இதைப் பற்றி எழுதினேன். (பத்திரிகை நாலு இதழோடு நின்றது. என் கட்டுரை காரணமில்லை.) ரசனை என்பது பேதம் காணும் சக்தி, பெயரிடத் தெரியாதவனுக்குப் பேதம் தெரியாது, அவனிடம் இருப்பது ரசனையல்ல, இளமைப் பிராயத்தைப் பற்றிய ஏக்கம் என்று. உதாரணத்துக்கு 'ஒரு புகையிலைக் கிட்டங்கி ஊழியர்'. பெயர் போடவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. அந்தப் பத்திரிகை நூற்றைம்பது பேரைத் தாண்டாது என்பதில் இன்னொன்று. அதில் ஒரு பிரதி நாகல்நகர் வந்து சேர்ந்துவிட்டது. நானே பெருமைக்காகக் கொண்டுபோய்க் கொடுத்ததுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேறு பக்கத்தில் இருந்த ஒரு கவிதையைக் காட்டக் கொடுத்தேன். பூட்டுக்காரர் கட்டுரையை உரக்கப் படித்துவிட்டார்.

எடைக்காரர் கோபப்படவில்லை. "எடை போடறவன்னு எழுதியிருக்கீங்க, சரி. என்ன எடைன்னு எழுதலையே" என்றார். பிறகு விவரம் சொன்னார். முக்குத் திரும்பும்போது சப்பரம் தூக்குகிறவர்கள் தோள் மாற்ற வேண்டும். வெளிப்பக்கத்து ஆட்கள் நாலு எட்டு கூட வைக்க வேண்டும், உள்பக்கத்தில் இருப்பவர்கள் நின்ற இடத்திலேயே மிதிக்க வேண்டும். காஸ் லைட் தூக்கி வருகிறவன் ஒதுங்க வேண்டும். இவ்வளவும் நடக்கிற நேரம் முழுவதும் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக் கொண்டு, அதை லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தார் காருகுறிச்சி. கடைசி ஆள் தோள் மாற்றிச் சப்பரம் மட்டமானதும் கீழே இறங்கினார். "அது வரைக்கும் எங்க ஊரு ஆளுக ஒருத்தனும் மூச்சு விடலை. அவரும் விடலை. அம்புட்டுத்தான்."

நான் அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷம் திண்டுக்கல்லில் இருந்தேன். அவர் என்னிடம் பேசாமல் இல்லை. நான்தான் அந்தக் கடைக்குப் போவதைக் குறைத்துக் கொண்டேன்.

இது இப்போது ஏன் என்றால், 2015 மே மாதம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சின்னாளபட்டியில் தங்கை வீட்டில் இருந்தேன். பி. பி. கிங் என்கிற அமெரிக்க கிதார் கலைஞர் இறந்து போயிருந்தார், எண்பத்தொன்பது வயதில். தங்கை மகன் கிதார் பழகுகிறவன். அவனும் மூன்று நண்பர்களும் மாடியில் உட்கார்ந்து ஒரு சின்ன ஸ்பீக்கரில் கிங்கின் பாட்டாகப் போட்டுக் கொண்டிருந்தார்கள். "ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்கடா, ஒண்ணுதான்" என்று ஒருவன் சொன்னது கீழே என் காதில் விழுந்தது. மேலே போனேன். "வாங்க மாமா, உங்களுக்கு இது பிடிக்காது" என்றான் தங்கை மகன்.

மிஸிஸிப்பிப் பருத்திக் காடுகளில் வேலை செய்து வளர்ந்த கறுப்பு மனிதரின் சங்கீதம். ப்ளூஸ் என்பார்கள். இரண்டு விஷயம் என்னைப் பிடித்துக் கொண்டது. ஒன்று அந்த வாத்தியத்தில் அவர் செய்வது. கிதாரில் ஸ்வரங்களுக்கு நடுவே உலோக வேலி போட்டிருக்கிறது. தந்தியை விரலால் பக்கவாட்டில் தள்ளி அந்த வேலியைத் தாண்டுகிறார், தாண்டிய இடத்தில் விரலை நடுங்க விடுகிறார். அவருடைய உறவினர் புக்கா ஒயிட் தந்திமேல் குழலை வழுக்கி வாசிப்பவர். அது தனக்கு வரவில்லை என்பதால் விரல் நடுக்கத்தில் அதைக் கொண்டுவரப் பார்த்ததாகக் கிங் சொல்லியிருக்கிறார். நாயனத்திலும் விரலுக்கு ஏழு துளைதான், சாவி எதுவும் கிடையாது. துளையைப் பாதி மூடியும் சீவாளியில் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் இடைப்பட்டதை எல்லாம் எடுக்க வேண்டும். அப்புறம், பாடிக்கொண்டே வாசிக்கத் தனக்கு வராது என்றும் கிங் சொன்னவர். ஒரு வரி பாடுகிறார், நிறுத்துகிறார், கிதார் பதில் சொல்கிறது. ஒரே தொண்டை. மைக்செட் கடைக்காரர் ஞாபகம் வந்தது அப்போதுதான்.

இரண்டாவது, அந்தப் பையன்களின் ஓட்டு. நாலில் இரண்டு பேர் சொன்னது 'தி த்ரில் இஸ் கான்'. உலகமெங்கும் அவருடைய ரசிகர்கள் முதலில் சொல்வதும் அதுதான். அது அவர் எழுதிய பாட்டல்ல. ராய் ஹாக்கின்ஸ் என்பவர் 1951ல் பாடியது. கிங் அதைப் பதிவு செய்தது 1969ல், பின்னால் வயலின் கூட்டம் சேர்த்து. சுத்த ப்ளூஸ்காரர்கள் முகம் சுளிக்கக் கூடிய அலங்காரம். பிறர் மெட்டு, பிறர் அலங்காரம், அதற்குள் ஒரு மனிதன் தன் ஒற்றைத் தந்தியோடு நுழைந்து எல்லாவற்றையும் தன்னுடையதாக்கிக் கொள்கிறான். 'சிங்காரவேலனே'யை மட்டம் என்று நினைத்த நான் இதை மட்டம் என்று சொல்லத் தயாராக இல்லை. ஆங்கிலத்தில் இருப்பதால் என்று மனசாட்சி சொன்னது. பெரும்பான்மை ஓட்டு எப்போதும் குழாய் ஒலிபெருக்கியின் ஓட்டுதான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் குழாய் கத்தியதெல்லாம் நிற்கவில்லை. அந்தத் தகரப் பெட்டியில் இருந்த நூற்றுக்கணக்கில் எது நின்றது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

நாலாவது பையன் பாட்டு எதையும் சொல்லவில்லை. 1964 நவம்பரில் சிகாகோவில் ரீகல் என்ற அரங்கில் நடந்த கச்சேரியின் பதிவு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு இடம் சொன்னான். கிங் ஒரு ஸ்வரத்தைத் தள்ளி நிறுத்துகிறார், கூட்டத்தில் ஒரு பெண் அலறுகிறாள், அவர் அடுத்ததை வாசிக்காமல் அவள் முடிக்கும் வரை விடுகிறார். "அந்த கேப்தான்டா." மற்றவர்கள் அதை ஒப்புக் கொண்டார்கள். ஒப்புக் கொள்ள முடிந்தது, ஏனென்றால் பதிவு இருக்கிறது. தள்ளிப் போட்டுத் திரும்பக் கேட்டார்கள். இருந்தது.

எடைக்காரருக்கு இருந்த ஒரே குறை அதுதான் என்று அந்த மொட்டை மாடியில் உறைத்தது. அவர் சொன்னதும் ஒரு இடம். உருப்படியின் பெயரைக் கேட்டவனுக்கு இடத்தைச் சொன்னார், நான் அதைப் பதிலாகவே எடுத்துக் கொள்ளவில்லை. நம் சங்கீத விமர்சனம் சபாவில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவர்களால் எழுதப்பட்டது. அவர்களுக்குக் கச்சேரி என்றால் வரிசையாக உருப்படிகள். நாயனமோ நடந்து போகிற சங்கீதம். கோயிலை விட்டுச் சாமி கிளம்பினால் மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி, நடுவில் தெருவும் முக்கும் நேரமும் வாசிப்பைத் தீர்மானிக்கும். கேட்பவனும் கூடவே நடக்கிறான், சில சமயம் சப்பரத்தைத் தூக்கிக் கொண்டு. எவ்வளவு நேரம் ஒரு ஸ்வரம் நின்றது என்பதற்கு 'தோள் மாற்றும் வரை' என்று ஒருவர் அளவு சொன்னால், அது ஏக்கமல்ல, கலைச்சொல். அதைவிட ஸ்தூலமான ஒன்றை நாதஸ்வரம் பற்றித் தமிழில் நான் படித்ததில்லை. நான் எழுதியதும் சேர்த்துத்தான்.

இதனால், ராகம் தெரியாதவர்கள் சொல்வதெல்லாம் வேதம் என்று யாரும் புறப்பட வேண்டாம். அப்படி ஒரு கோஷ்டியும் நம்மிடையே உண்டு. கண்டக்டருக்கும் எடைக்காரருக்கும் வித்தியாசம் இருக்கிறது. கண்டக்டர் சொல்வது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாகும். எடைக்காரர் சாமி கும்பிடு பற்றி நான் இரண்டு வருஷத்தில் மூன்று தடவை கேட்டேன். ஒரு எட்டு கூடவில்லை, குறையவில்லை. முனகலும் அப்படித்தான். மூன்று தடவையும் அதே திருப்பத்தில் அதே ஸ்வரம் விழுந்தது. பொய் சொல்கிறவன் தப்பை இவ்வளவு விசுவாசமாகக் காப்பாற்ற மாட்டான்.

மைக்செட் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. எடைக்காரர் எப்போது போனார் என்று அங்கே சொல்ல ஆளில்லை. சென்ற தை மாதம் திண்டுக்கல்லில் உறவினர் வீட்டுக் கல்யாணம். மண்டபத்தில் நாயனம் வாசித்தவர் இளைஞர், நல்ல கை. சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எடைக்காரரின் முனகலை என் குரலில் முனகிக் காட்டினேன். அறுபது வருஷத்துக்கு முந்தியது, அவர் மூலமாக நான், நான் மூலமாக நீங்கள் என்று விளக்கமும் சொன்னேன். சிரிக்கவில்லை. இன்னொரு தடவை கேட்டார்.

"ஆபேரி மாதிரி இருக்கு சார்" என்றார்.

ஆபேரி என்றால் 'சிங்காரவேலனே'. சினிமாவுக்கு முந்தியே காருகுறிச்சி அந்த ராகத்தை அந்த முக்கில் வாசித்திருக்கலாம், தடையில்லை. அல்லது வருஷக்கணக்காகக் குழாயில் கேட்டு எடைக்காரரின் இரவுக்குள் ரிக்கார்டு நுழைந்திருக்கலாம். அல்லது எனக்குள். நான் முனகியதில் அவருடையது எவ்வளவு, என்னுடையது எவ்வளவு என்று எனக்கே தெரியாது.

"ஒரு இடத்துல மட்டும் உதைக்குது" என்றார் இளைஞர். எந்த இடம் என்று கேட்டேன். மூன்றாவது திருப்பம்.

"அங்கே ஸ்வரம் விழுந்திருமா, இல்ல அவரு அப்படித்தான் வாசிச்சாரா?"

தெரியாது என்றேன். சீவாளியை வாயில் வைத்து நனைத்துக் கொண்டார். சத்தம் வெளியே போகாமல் அடக்கி, முதல் இரண்டு திருப்பத்தை வாசித்தார். மூன்றாவதுக்கு மூச்சு எடுக்கும்போது மேடையிலிருந்து யாரோ கையை ஆட்டி, கெட்டிமேளம், கெட்டிமேளம் என்று கத்தினார்கள். தவில்காரர் எழுந்துவிட்டார்.